மாதேஸ்வரி அக்காவும் பூஜ்ஜியம் எண் மாடும்

2024 அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு மாலூர் போகும் பஸ்ஸில் மாதேஸ்வரி அக்கா ஊரைவிட்டுக் கிளம்பினார். கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வலது கையை வெளியே நீட்டி, ஒரு புது மாட்டுக்கயிற்றைப் பிடித்திருந்தார். கயிற்றின் மறுமுனையில் ஒன்றும் இல்லை.

வழியனுப்ப ஊரே வந்திருந்தது. பால் சொசைட்டித் தலைவர் கோவிந்தப்பன் டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

"மெதுவா போப்பா. மாடு பின்னாடி நடந்து வருது."

கண்டக்டர் கன்னடக்காரர். இறங்கி பஸ்ஸின் பின்பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எல்லி ஹசு?" என்று கேட்டார். மாடு எங்கே என்று.

"கண்ணுக்குத் தெரியாது. அதாங்க இத்தினி நாளா பிரச்சினை" என்றார் கோவிந்தப்பன்.

மாலூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்குள்ளே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் யாரும் சண்டைக்கு வரவில்லை. அவர்கள் வீட்டிலும் மாடு இருந்தது. மாநில எல்லையில் உள்ள செக்போஸ்ட் வரை நாலு கிலோமீட்டரையும் அந்த பஸ் மாட்டு நடையில்தான் போனது.

மாதேஸ்வரி அக்காவுக்குச் சொந்த ஊர் கல்லாவி. இருபது வயதில் வெங்கடப்பன் அண்ணனைக் கட்டிக்கொண்டு, பேரிகையைத் தாண்டி எல்லையோரமாக இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். அண்ணனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. கல்யாணமான மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் கோலார் பக்கமிருந்து ஒரு மாடு வாங்கி வந்தார்கள். டெம்போவிலிருந்து இறங்கிய மாடு தெருவிலேயே நின்றுவிட்டது. நாலு ஆண்கள் தள்ளியும் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த புதுப்பெண், வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்ற எரிச்சலில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கயிற்றை வாங்கி, "வா" என்றார். அது வந்தது. மறுநாள் பதினாலு லிட்டர் கறந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடங்களில், மாதேஸ்வரி அக்கா கயிறு பிடிக்காமல் ஒரு புது மாடும் எங்கள் ஊர்க் கொட்டகைக்குள் நுழைந்ததில்லை. அவர் கைராசி அப்படி என்றார்கள். மாட்டை வலது காலை முதலில் எடுத்து வைக்கச் செய்து உள்ளே கூட்டிப் போவார். உள்ளங்கையிலிருந்து வெல்லக் கட்டியை வாயில் ஊட்டுவார். முதல் நாலு பீச்சுப் பாலைத் தரையில் விடுவார். பதிலுக்கு ஒரு தேங்காய், ஒரு ஜாக்கெட் துணி, கன்று போட்டால் முதல் சீம்பால். எல்லோரும் பேரிகையில் ஒரே கடையில் வாங்குவதால் ஜாக்கெட் துணிகள் எல்லாம் ஒரே பச்சை. அக்கா வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய அந்தப் பச்சை இருந்தது.

கைராசிக்காரருக்கு அந்தக் கை சொந்த வீட்டில் பலிக்காது என்பதும் ஊர் வழக்கம். அதனால் தன் மாட்டை மட்டும் அவர் தொடுவதில்லை. வெங்கடப்பன் அண்ணன்தான் ஷிப்ட் முடிந்து வந்து யூனிபாரத்தோடு கறப்பார். அது நாலு லிட்டருக்கு மேல் கொடுத்ததில்லை.

"நானும் கேட்டுல ஒரு நாளைக்கு நூறு லாரிய உள்ள உடறேன்" என்பார் அண்ணன். "ஒருத்தனாவது ஒரு தேங்கா குடுத்திருப்பானா?"

"உங்க கையால உள்ள போன லாரி எத்தினி லிட்டர் கறந்துச்சின்னு சொல்லுங்க, நானே வாங்கித் தரேன்" என்பார் அக்கா.

அந்த வருடம் புரட்டாசியில் கோமாரி வந்தது. வடக்குத் தெருவில் சரோஜம்மாள் சந்தையிலிருந்து வாங்கி வந்த மாட்டுக்கு நாலாம் நாள் வாயில் நுரை தள்ளியது. நாக்கில் கொப்புளம், குளம்பில் புண், பால் பாதியாகக் குறைந்தது. அதற்கு முந்தின மாதம்தான் தடுப்பூசி போட வந்திருந்தார்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று பாதிப் பேர் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டிருந்தார்கள். அதை இப்போது யாரும் பேசவில்லை. கன்றுகள் செத்தன. சரோஜம்மாளின் கன்றுதான் முதலில்.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. எந்த ஊரிலும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்து பழக்கமில்லாததால், சொந்த வீட்டிலும் கால் நிற்காமல் இருந்தேன். கறவை மாட்டு மந்தைகளில் நோய் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட ஓர் ஆராய்ச்சித் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தது. வீடு வீடாகப் போய் ஃபாரம் நிரப்ப ஆள் தேடினார்கள். நான் சேர்ந்துகொண்டேன்.

திட்டத்தின் சார்பில் லேப்டாப்போடு வந்தவர் ஹரீஷ்குமார். சிங்காரப்பேட்டைக்காரர். அவர் அப்பாவிடம் ஆறு மாடு இருந்தது, ஆனால் அவர் கொட்டகைப் பக்கம் போனதே இல்லையாம். கணக்குதான் அவருக்குப் பிடித்தது. மாடு வைத்திருக்கும் நாற்பத்திரண்டு வீடுகளையும் நாற்பத்திரண்டு புள்ளிகளாக வைத்தார். எந்த வீட்டு மாடு எந்த வீட்டு மாட்டோடு மேய்கிறது, எவை ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன, பால் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நான் எழுதி வந்ததை எல்லாம் வைத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டார். எந்த வீட்டுக்கு என்றைக்கு நோய் வரும் என்று சாஃப்ட்வேர் சொல்லும். உண்மையில் வந்த தேதியோடு அதை ஒப்பிட வேண்டும்.

ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கோவிந்தப்பன் வீடு தெற்குக் கோடியில் இருந்தது. அவர் மாடு தோட்டத்திலேயே கட்டிக் கிடப்பது. சரோஜம்மாள் மாட்டை அது பார்த்ததுகூடக் கிடையாது. கணக்குப்படி அதற்கு முப்பத்தைந்தாவதாக வர வேண்டும். வந்தது இரண்டாவதாக.

ஃபாரத்தில் பதினேழாவது கேள்வி: கடந்த பதினான்கு நாட்களில் உங்கள் கொட்டகைக்கு வந்த வெளியாட்கள் யார்? நாற்பத்திரண்டு வீடுகளிலும் ஒரே பதில். யாரும் இல்லை.

ஹரீஷ்குமார் மூன்று நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் கணக்கில் ஒரு கற்பனை மாட்டைச் சேர்த்தார். ஊரின் மாடுகளுக்கு ஒன்றிலிருந்து நூற்று அறுபத்து மூன்று வரை எண் கொடுத்திருந்ததால் இதற்குப் பூஜ்ஜியம் என்று எண் வைத்தார். அது எல்லாக் கொட்டகைக்கும் போய்வரும். சேர்த்தவுடன் எல்லாத் தேதிகளும் அச்சாகப் பொருந்தின. அன்றைக்கு அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சொசைட்டிக் கட்டடத்தில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, அதில் படம் காட்டினார்.

"இந்தப் பூஜ்ஜியம்ங்கறது எல்லாக் கொட்டாய்க்கும் போய்ட்டு வர்ற ஒரு மாடு மாதிரிங்க."

"யாருது அது?" என்றார் கோவிந்தப்பன்.

"யாருதும் இல்லைங்க. அப்படி ஒண்ணு இருக்குதுன்னு வெச்சிக்கிட்டா கணக்கு சரியா வருது."

"வெச்சிக்கிட்டான்னா எங்க வெச்சிக்கறது? தீனி யாரு போடறது?"

"தீனி வேணாங்க. அது கண்ணுக்குத் தெரியாது."

சரோஜம்மாள் மெதுவாக எழுந்தார். "எனக்கு அப்பவே சந்தேகம். வைக்கோலு கொறஞ்சிக்கினே வந்துச்சி. எங்கூட்டுக்காரரைத் திட்டிட்டேன்."

"அம்மா, அது மாடே இல்லைங்க" என்றார் ஹரீஷ்குமார். "நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு. அதுக்குப் பதிலா ஒரு மாட்டைப் போட்டிருக்கேன்."

"தெரியாத ஒண்ணுன்னா தெரியாதுன்னு சொல்றது. மாடுன்னு ஏன் சொன்ன?"

"உங்களுக்குப் புரியறதுக்காகச் சொன்னேங்க."

"புரிஞ்சிபோச்சி, நீ உக்காரு சாமி" என்றார் கோவிந்தப்பன்.

ஒரு வாரத்துக்குள் அந்த மாட்டுக்கு நிறம் வந்துவிட்டது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை, இடது கொம்பு உடைந்தது. ஜெர்சி என்று சொன்னவர்களும் உண்டு. அது உள்ளே வராமலிருக்க வாசலிலேயே தவிட்டுத் தண்ணீர் வைத்தார்கள். அது காலியானது. ஊரில் ஆடுகளும் இருக்கின்றன என்று ஹரீஷ்குமார் சொல்லிப் பார்த்தார். கேழ்வரகுக் கொல்லை மேய்ந்து கிடந்தால் அது, வாளி காணாமல் போனால் அது. பூஜ்ஜியம் எண் மாட்டின் பாலை வாங்குவதில்லை என்று சொசைட்டியில் தீர்மானம் போட்டார்கள். எங்கள் மாடுகளின் காதில் எல்லாம் அரசாங்கம் குத்திய மஞ்சள் வில்லை இருக்கிறது, இதற்கு இல்லை, ஆகவே இது கர்நாடகத்து மாடு என்றும் முடிவானது.

நோய் மட்டும் நிற்கவில்லை. இருபத்தொன்பது வீடுகளுக்கு வந்துவிட்டது.

அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி நான் ஃபாரங்களை நோய் வந்த தேதி வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். சரோஜம்மாளுடையதைத் தனியே வைத்துவிட்டு, அதற்கடுத்த பெயர்களை வாய்விட்டுப் படித்தேன். கோவிந்தப்பன் வீடு, மணியக்காரர் வீடு, பூசாரி வீடு, கிணற்றடி வீடு. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"யாரு ஊட்டுல கல்யாணம்?"

"கல்யாணமா?"

"தாம்பூல வரிசையப் படிக்கிறியே."

எங்கள் ஊரில் எந்த விசேஷமானாலும் வெற்றிலை பாக்கு கொடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. எந்த வீட்டுக்கு முதலில், எதற்கு அடுத்து என்று. மாறினால் பேச்சு நின்றுபோகும். நான் மீதியையும் படித்தேன். எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் வரிசை பிசகவில்லை. கோமாரி எங்கள் ஊரில் மரியாதைப்படி வந்திருந்தது.

"நாம பதினொண்ணாவதா?" என்றாள் அம்மா. "உங்க தாத்தா காலத்துலருந்து நமக்கு ஒம்போதாவது. யாரு மாத்துனது?"

"இது நோய் வந்த வரிசைம்மா."

"எதுவா இருந்தா என்ன? ஒம்போதுன்னா ஒம்போதுதான்."

"இந்த வரிசைல ஊடு ஊடா போறவங்க யாரு?"

"மாதேஸ்வரிதான். யாரும் கோச்சிக்கக் கூடாதுன்னு அவ எப்பவும் வரிசைப்படிதான் போவா. சீக்கு வந்த மாட்டுக்கு வாயில தேன் தடவுறா, வராத மாட்டுக்கு வராம இருக்கறதுக்குத் தடவுறா. பாவம், நிக்க நேரமில்ல அவளுக்கு."

"வெளியாளு யாரும் கொட்டாய்க்கு வரலன்னு எழுதச் சொன்னியேம்மா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "மாதேஸ்வரி வெளியாளா?"

நான் போனபோது அக்கா வீட்டு வாசலில் தேன் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு மாட்டின் எச்சில் கையிலும் புடவையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மாட்டின் வாய்க்குப் போனாலே போதும், இந்த நோய் வந்துவிடும். இதை அவருக்குச் சொன்னேன். அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். சுற்றி நாலு வீட்டு மாடும் நொண்டிக்கொண்டிருக்க, அவருடைய நாலு லிட்டர் மாடு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதை மட்டும்தான் அவர் தொட்டதில்லை.

"அதான் இதுக்கு வரலியா" என்றார்.

பாட்டிலை மறுபடி கழுவிக்கொண்டே, "சரோஜாக்கா கன்னுக்குட்டி என் மடியிலதான் செத்துச்சி" என்றார். "யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்லக்கா."

"சொல்லாத. கை போச்சின்னா நான் யாரு? செக்யூரிட்டி வெங்கடப்பன் பொண்டாட்டி. அவ்ளோதான்."

"சொல்லலக்கா. நீங்க போகாம இருந்தாப் போதும்."

"எப்பிடிப் போகாம இருக்கறது? இன்னும் பன்னெண்டு ஊடு பாக்கி. வரிசைல கடைசில இருக்கற ஊடுங்க. எங்களுக்கு மட்டும் வர மாட்டியான்னு தெனம் ஆள் அனுப்பறாங்க. பெரிய ஊட்டுக்கெல்லாம் போய்ட்டு அங்க போகலைன்னா, அவங்க மொகத்துல நான் எப்பிடி முழிக்கறது? போனா மாடு போகும். போகலைன்னா மானம் போகும். ஒடம்பு சரியில்லைன்னு படுத்தா, மாட்ட இங்கயே ஓட்டிட்டு வந்துருவாங்க."

தேன் பாட்டிலை வெயிலில் கவிழ்த்து வைத்தார். ஒரு கட்டெறும்பு வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

"அந்தப் பூஜ்ஜியம் மாடுன்னு சொல்றாங்களே, அது நானா?"

"கணக்குப்படி ஆமாக்கா."

"அப்ப நான் ஊர விட்டுப் போனா அது போன மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "அத ஓட்டிட்டுப் போக ஊருல வேற யாருக்குக் கைராசி இருக்குது?" என்றார்.

மறுநாள் காலை அவரே சொசைட்டிக்குப் போய், பூஜ்ஜியம் எண் மாடு தன்னிடம் பிடிபட்டுவிட்டது என்றார். கோவிந்தப்பன் எழுந்து நின்றார். எல்லை வரை ஓட்டிவிட்டால் போதாது, திரும்பி வந்துவிடும். மாலூர்ப் பக்கத்தில் இருக்கும் தன் தங்கை ஊர் வரை கொண்டுபோய் விட்டு, புது இடத்தில் பழகும்வரை இருபத்தெட்டு நாள் கூடவே இருக்க வேண்டும் என்றார் அக்கா. அந்த இருபத்தெட்டு நான் சொன்னது. கோமாரி அடங்க அவ்வளவு நாள் வேண்டும் என்று முன்பே எனக்கு ஹரீஷ்குமார் சொன்னது.

"வெள்ளிக்கெழம மாட்ட ஊர விட்டு ஓட்டலாமா? லட்சுமியாச்சே" என்றார் பூசாரி.

"கண்ணுக்கே தெரியல, அதுக்குக் கெழம தெரியுமா?" என்றார் கோவிந்தப்பன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாதேஸ்வரி அக்கா எங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து பிரசவத்துக்குத் தவிர ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "நீ நிக்காத ஊரு கெடையாது. ஒரு மாசம் வெளிய இருக்கறதுக்கு என்னென்ன எடுத்துக்கணும்?" என்று கேட்டார். கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள், கனமாக இருந்தால் திரும்பி வரத் தோன்றும் என்றேன். "திரும்பி வரத்தானேடி போறேன்" என்றார். உடுத்திய புடவையைச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அவர் வெற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நோய் வராத பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் மாட்டை உள்ளே இழுத்துக் கட்டிவிட்டு வாசலில் நின்றார்கள். சரோஜம்மாள் கயிற்றின் முனைக்கு அருகே வந்து, வெறும் காற்றைப் பார்த்து, "எங்க கன்னுக்குட்டிய ஏன் தின்ன?" என்று கேட்டார். அக்கா ஒரு நிமிடம் நின்றார். "தெரியாம செஞ்சிருச்சிக்கா. மன்னிச்சிரு" என்றார். மாட்டின் சார்பில் சொன்னார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சாஃப்ட்வேர் அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்கும் பத்து நாளில் நோய் வரும் என்று சொல்லியிருந்தது. தீபாவளி வந்தது, போனது. ஒரு வீட்டுக்கும் வரவில்லை. நான் ஹரீஷ்குமாருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். நீளமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அவங்களை ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதறது?"

"அதுக்குக் கட்டம் இல்லைங்க. அவங்க வெளியாளும் இல்ல, மாடும் இல்ல."

"அப்ப பூஜ்ஜியமே இருக்கட்டும்" என்றார். அறிக்கையில் அப்படியே இருந்தது. அடையாளம் தெரியாத தொடர்பு ஒன்று, தானாக நீங்கியது.

நவம்பர் இருபத்திரண்டாம் தேதி அக்கா திரும்பி வந்தார். வெங்கடப்பன் அண்ணன் அரைநாள் லீவு போட்டு, யூனிபாரத்தோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். தங்கை ஊரில் மாட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டார்களாம். செக்போஸ்ட்டில் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்லி, ஒரு மாதமும் ஒரு மாட்டையும் தொடாமல் அவர்களுக்குப் பூக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கைராசி முன்னைவிட ஏறியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத மாட்டையே ஓட்டிப்போன கை. அக்கா அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்கும் முதலில் போனார், அதுவும் கடைசி வீட்டிலிருந்து தொடங்கி. கோவிந்தப்பன் முகம் சுருங்கியது. கூடவே அக்கா ஒரு புது வழக்கத்தையும் கொண்டுவந்தார். கொட்டகை வாசலில் ஒரு பக்கெட் சலவைச் சோடாத் தண்ணீர். கையும் காலும் கழுவி, புதுப் பச்சை ஜாக்கெட் துணியால் துடைத்து, துணியை அந்த வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. ஏன் என்று கேட்டவர்களிடம், "அது அப்பிடித்தான்" என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி காலியாகிவிட்டது.

பதினாறு மாதம் கழித்து, நான் வேறொரு ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஹரீஷ்குமாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"வினிதா, நல்லா இருக்கீங்களா? அப்பா சந்தையில் ஒரு மாடு பிடித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சிங்காரப்பேட்டைக்கு வருகிறது. நான் வாங்கிக் கொடுக்கும் முதல் மாடு. பூஜ்ஜியத்தை ஒரு நாள் அனுப்பி வைக்க முடியுமா? கார் அனுப்புகிறேன். சோடா, பக்கெட் எல்லாம் தயார். அந்தப் பச்சைத் துணி மட்டும் இங்கே கிடைக்கவில்லை. அவங்களையே கொண்டுவரச் சொல்லுங்கள்."